வலுக் கூட்டிய காருக்கு எந்தக் கிளட்ச் தட்டு?

எஞ்சின் வலுவைக் கூட்டிய பிறகு, எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்சை வாங்கத் தேடுபவர்கள் முதலில் கேட்பது, "இது நானூறு குதிரைத்திறனைத் தாங்குமா?" என்பதுதான். விற்பவர்களும் அதே கணக்கில் பதில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கிளட்ச் தட்டின் மேல் விழும் சுமை முறுக்குவிசை, அதாவது எஞ்சின் தண்டைத் திருப்பும் விசை. குதிரைத்திறன் அந்த முறுக்குவிசையையும் எஞ்சின் சுழலும் வேகத்தையும் பெருக்கி வரும் எண். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தட்டை வாங்கினால், தேவைக்குக் குறைவானதையோ தேவைக்கு மிக அதிகமானதையோ வாங்குவோம். சிங்கப்பூரில் ஓட்டும் நமக்கு இந்த இரண்டாவது வகைத் தவறுதான் கூடுதலாகத் தொல்லை தரும் என்பது என் கருத்து. அதை விளக்கவே இப்பதிவை எழுதுகிறேன்.

ஜப்பானியச் சந்தைக்கான முதல் தலைமுறை ஹோண்டா எஸ்2000, நிமிடத்திற்கு 8300 சுற்றில் 250 குதிரைத்திறன் தந்தது. மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 9, 6500 சுற்றில் 280 தந்தது. இரண்டுக்கும் இடையே குதிரைத்திறனில் உள்ள வேறுபாடு 12 விழுக்காடு மட்டுமே. முறுக்குவிசையிலோ எஸ்2000 தருவது 218 நியூட்டன் மீட்டர், எவல்யூஷன் தருவது 400 நியூட்டன் மீட்டர். அதுவும் 3000 சுற்றிலேயே கிடைத்துவிடுகிறது. கிளட்ச் தட்டின் இடத்தில் நின்று பார்த்தால் இவை சற்றும் ஒப்பில்லாத இரண்டு கார்கள். மறுபக்கம், 2.6 லிட்டர் எஞ்சின் கொண்ட நிஸான் ஸ்கைலைன் ஆர்34 ஜிடி-ஆர் தந்த உச்ச முறுக்குவிசை 392, எவல்யூஷன் 9 தந்தது 400, எஃப்கே8 சிவிக் டைப் ஆர் தருவதும் 400. ஆறு சிலிண்டர், நான்கு சிலிண்டர், பழையது, புதியது என்று நாம் பார்க்கும் வேறுபாடுகள் எவையும் தட்டுக்குப் பொருட்டல்ல. மூன்றும் அதன் மேல் ஏற்றும் பாரம் ஏறக்குறைய ஒன்றே.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கிலோவாட் அளவை 9549ஆல் பெருக்கி, அந்தத் திறன் கிடைக்கும் சுற்று வேகத்தால் வகுத்தால் அந்த இடத்தில் உள்ள முறுக்குவிசை நியூட்டன் மீட்டரில் வந்துவிடும். ஏறத்தாழ 400 குதிரைத்திறனுக்கு ஈடான 300 கிலோவாட், 7000 சுற்றில் கிடைத்தால் முறுக்குவிசை 409. அதே 300 கிலோவாட் 5000 சுற்றில் கிடைத்தால் 573. எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவைப் பெரிதாகப் பொருத்தி மேல்சுற்றில் வலு எடுக்கும் எஞ்சினைவிட, சிறிய டர்போவில் அழுத்தத்தைக் கூட்டிக் கீழ்ச்சுற்றிலேயே வலு எடுக்கும் எஞ்சின் கிளட்சுக்குக் கடுமையானது என்பதற்கு இதுவே காரணம். குதிரைத்திறன் சற்றும் கூடாமல் எஞ்சின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றிய பிறகு, ஐந்தாம் கியரில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியதாகச் சொல்பவர்களின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

அளவுகளைப் படிக்கும்போது இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஜப்பானியப் பட்டியல்களில் முறுக்குவிசை பெரும்பாலும் கிலோகிராம் மீட்டரிலும், அமெரிக்கப் பட்டியல்களில் பவுண்டு-அடியிலும் இருக்கும், முன்னதை 9.8ஆலும் பின்னதை 1.356ஆலும் பெருக்கினால் நியூட்டன் மீட்டர் கிடைக்கும். அமெரிக்கத் தயாரிப்பு ஒன்று 400 தாங்கும் என்றால் அது நம் கணக்கில் 542. அடுத்தது, காரின் வலுவை அளக்கும் டைனோ இயந்திரத்தில் சக்கரத்தில் அளந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கியர்பெட்டியிலும், சக்கரங்களுக்கு வலுவைப் பிரித்தளிக்கும் டிஃபரன்ஷியலிலும் ஒரு பகுதி இழப்பாகிவிடுவதால், கிளட்ச் சுமப்பது சக்கரத்தில் அளந்ததைவிட அதிகம். 'ஸ்டேஜ் 1', 'ஸ்டேஜ் 3' போன்ற பெயர்களுக்கும் தயாரிப்பாளர்களிடையே பொது அளவுகோல் கிடையாது. ஒருவருடைய மூன்றாம் நிலை இன்னொருவருடைய இரண்டாம் நிலையைவிட மென்மையாக இருக்கலாம். பெட்டியின் மேல் உள்ள நிலையை விட்டுவிட்டு, முறுக்குவிசைத் தாங்குதிறனை எழுத்தில் கேளுங்கள்.

எஞ்சினின் உண்மையான உச்ச முறுக்குவிசைக்கு மேல் 20 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் தாங்குதிறன் இருந்தால் தெருவில் ஓடும் காருக்குப் போதும். அதற்கு மேல் போவதை நான் ஊக்குவிப்பதில்லை. மின்சுற்றில் ஃபியூஸ் எதற்காக இருக்கிறதோ, ஓரளவுக்கு அதே வேலையைக் கிளட்சும் செய்கிறது: திடீர் அதிர்ச்சி வரும்போது தட்டு ஒரு கணம் வழுக்கி அதை வெப்பமாக மாற்றிவிடும். ஒருபோதும் வழுக்காத தட்டைப் பொருத்தினால் அந்த அதிர்ச்சி கியர்களுக்கும் ஆக்சிலுக்கும் போய்ச் சேரும். முன்சக்கர இயக்கக் காரில் டயர் சுழன்று கொஞ்சம் காப்பாற்றும். எவல்யூஷன், சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ போன்ற நான்கு சக்கர இயக்கக் கார்களில் டயர் எளிதில் விட்டுக்கொடுக்காது. கியர்பெட்டியைப் பிரித்துச் சரிசெய்யும் செலவோடு ஒப்பிட்டால் கிளட்ச் செலவு சிறியது.

இனி, தட்டின் தாங்குதிறன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வுக் கெழு (பொருள் எவ்வளவு பற்றிப் பிடிக்கிறது என்பதன் அளவு), தட்டை ஃபிளைவீலோடு சேர்த்து பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வுப் பொருள் அமைந்துள்ள சராசரி ஆரம் ஆகிய நான்கையும் பெருக்கினால் அது கிடைத்துவிடும். வெளிவிட்டம் 240 மில்லிமீட்டர், உள்விட்டம் 160 மில்லிமீட்டர் உள்ள ஒற்றைத் தட்டின் சராசரி ஆரம் 0.1 மீட்டர். பிரஷர் பிளேட் 8000 நியூட்டன் விசையில் அழுத்துகிறது, உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், இரண்டு பரப்புகளுக்கும் சேர்த்து 480 நியூட்டன் மீட்டர் வருகிறது. கெழு 0.4 உள்ள பொருளை வைத்தால் வேறு எதையும் மாற்றாமலே 640. ஆரத்தை நாம் மாற்ற முடியாது, ஏனென்றால் எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலும், கிளட்சை மூடியிருக்கும் உறையான பெல்ஹவுசிங்கும் இடம் தர வேண்டும். ஆகவே அழுத்தத்தைக் கூட்டுவது, உராய்வுப் பொருளை மாற்றுவது, தட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது என்ற மூன்று வழிகள்தான் மீதம். சந்தையில் உள்ள எல்லாக் கிளட்சும் இந்த மூன்றின் ஏதோவொரு கலவையே.

இந்தக் கணக்கில் பரப்பளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். முழு வட்டமாக உராய்வுப் பொருள் பதித்த தட்டும், ஆறு துண்டுகள் மட்டும் பதித்த 'சிக்ஸ் பக்' தட்டும் ஒரே பொருளால், ஒரே ஆரத்தில் செய்யப்பட்டிருந்தால் இரண்டின் தாங்குதிறனும் ஒன்றே. பக் தட்டு கூடுதலாகப் பிடிப்பது அதன் பொருளால்தான், வடிவத்தால் அல்ல. வடிவத்தால் கிடைப்பது வேறொரு நன்மை: எடை குறைவதால் கியர் மாற்றும்போது கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையங்களுக்கு வேலை குறைகிறது, உயர்சுற்றில் கியர் விரைவாக விழுகிறது. அதற்கு விலையாக, அதே வெப்பத்தையும் தேய்மானத்தையும் சிறிய பரப்பு ஏற்க வேண்டியிருக்கிறது. படத்தில் பக் தட்டு பார்க்கக் கம்பீரமாக இருக்கும்; பலரும் அந்தத் தோற்றத்துக்காகவே வாங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

பொருள்களைப் பொறுத்தவரை, கார் தயாரிப்பாளர்கள் பொருத்தி அனுப்பும் ஆர்கானிக் வகையே மிக மென்மையானது. கண்ணாடி இழையும் பிசினும் பிற இழைகளும் சேர்த்துச் செய்த இது மெதுவாக, படிப்படியாகப் பிடிக்கும். ஃபிளைவீலையும் அதிகம் தேய்க்காது. ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வெப்பத்தைத் தாண்டினால் அதன் பிடிமானம் குறையும், பிசின் கருகும் வாடை உள்ளே வரும். ஓரளவு மட்டும் சூடானால் ஆறிய பிறகு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அராமிட் இழையில் செய்த கெவ்லார் தட்டுகள் மென்மையிலும் ஆயுளிலும் சிறந்தவை. ஆனால் பழகும் காலம் நீண்டது; ஒருமுறை கடுமையாகச் சூடாகி மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழப்பாகிவிட்டால் அது திரும்பி வருவது அரிது. செராமிக் என்று நாம் அழைப்பவை, செம்பு முதலிய உலோகத் தூளோடு செராமிக் துகள்களைச் சேர்த்து வெப்பத்தில் இறுக்கியவை. இவற்றின் உராய்வுக் கெழு உயர்ந்தது. ஆர்கானிக் கருகும் வெப்பத்திலும் அஞ்சாமல் பிடிக்கும். இரும்புத் தூளை இறுக்கிச் செய்தவை இன்னும் கடுமையானவை. அவை பந்தயத்திற்கே உரியவை, அவற்றுக்கு எஃகு ஃபிளைவீலும் வேண்டும். கார்பன் தட்டுகளின் உலகம் தனி; ஆண்டுதோறும் மரினா பேயில் இரவில் ஓடும் ஃபார்முலா 1 கார்களில் இருப்பது கார்பன் பல்தட்டுக் கிளட்ச்தான், அங்கு அதற்குக் கால் பெடலே கிடையாது.

செராமிக் தட்டு பந்தயத்தடத்தில் சிறப்பாக இருந்து, நெரிசலில் வெட்டி வெட்டிப் போவது ஏன்? அதன் பிடிமானம் வழுக்கும் வேகத்தைப் பொறுத்து மாறுவதே காரணம். மெதுவாக வழுக்கும்போது பிடிமானம் திடீரென்று கூடுவதால், தட்டு பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. அந்த அதிர்வு கார் முழுவதும் பரவுகிறது. மேலும் ஆர்கானிக் தட்டின் இரு உராய்வு வளையங்களுக்கும் நடுவே மார்செல் எனப்படும் அலையலையான மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். அழுத்தும்போது அது சிறிது சிறிதாகத் தட்டையாவதால்தான் பெடலில் நமக்கு நீண்ட பிடிமான எல்லை கிடைக்கிறது. பெரும்பாலான பக் தட்டுகளில் அது இருப்பதில்லை. பெடல் சில மில்லிமீட்டர் நகர்வதற்குள் 'பிடிக்கவில்லை' என்பது 'முழுதும் பிடித்துவிட்டது' என்று ஆகிவிடுகிறது.

சிங்கப்பூரில் ஒரு கிளட்சுக்குக் கடினமான சோதனை எது என்று கேட்டால், நான் மலேசியாவின் சிப்பாங் பந்தயத்தடம் என்று சொல்ல மாட்டேன். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில் ஒருமுறை கிளம்பிவிட்டால் கிளட்ச் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் நொடிக்கும் குறைவான நேரமே வழுக்குகிறது. கடினமான சோதனை அங்கே போவதற்கு முன் வருகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் புக்கிட் தீமா விரைவுச்சாலையின் முடிவிலிருந்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரையும், பிறகு ஜோகூருக்குப் போகும், 1 கிலோமீட்டரை மட்டுமே சற்றுத் தாண்டும் அந்தக் கடற்பாலத்திலும், ஒரு கார் நீளம் நகர்ந்து நின்று மறுபடி நகரும் மணிக்கணக்கான வரிசையே அது. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிராங்கூன் சாலையும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் வளைந்த ஏற்றத்தில் முன்னால் உள்ள கார் இடம் தேடி நிற்கும் அந்த நிமிடங்களும் இதே வகைதான்.

வெப்பக் கணக்கு இதைத் தெளிவாக்கும். நின்ற நிலையிலிருந்து, எஞ்சின் சுற்றை மாறாமல் வைத்துக்கொண்டு கிளட்சை விடும்போது, கார் பெறும் இயக்க ஆற்றலுக்குச் சமமான ஆற்றல் தட்டில் வெப்பமாகிறது. 1400 கிலோ எடையுள்ள ஒரு கார், முதல் கியரில் 1000 சுற்றுக்கு மணிக்கு 8 கிலோமீட்டர் வேகம் போகும் என்று கொள்வோம். 1200 சுற்றில் மென்மையாகக் கிளம்பினால் தட்டில் சேரும் வெப்பம் ஏறத்தாழ 5 கிலோஜூல். 6000 சுற்றில் பந்தயத் தொடக்கம்போலக் கிளம்பினால் ஏறத்தாழ 124 கிலோஜூல். சுற்று ஐந்து மடங்கானால் வெப்பம் இருபத்தைந்து மடங்காகிறது. ஒரு பந்தயத் தொடக்கம் இருபத்தைந்து மென்மையான தொடக்கங்களுக்குச் சமம் என்று இதைத் திருப்பியும் படிக்கலாம். கடற்பால வரிசையில் அந்த இருபத்தைந்து மிக விரைவில் வந்துவிடும். அங்கே பலரும் கிளட்சை முழுதும் விடுவதே இல்லை. அரை கிளட்சிலேயே ஊர்ந்துகொண்டிருந்தால் எஞ்சின் தரும் ஆற்றலின் பெரும்பகுதி தட்டிலேயே கரைகிறது. செராமிக் தட்டு வைத்தவர் அதிர்வைத் தவிர்க்க எஞ்சின் சுற்றைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார். அதனால் வெப்பம் இன்னும் கூடும்.

என் எவல்யூஷன் 9-க்குக் கிளட்ச் மாற்றச் சென்றபோது, காக்கி புக்கிட் பணிமனையில் வேலை பார்க்கும் ஜோகூர்த் தமிழர் ஒருவர் எந்தத் தட்டு என்று பேசுவதற்கு முன்பே கேட்ட கேள்வி இது: "அண்ணே, இந்தக் கார்ல தினமும் வேலைக்குப் போறீங்களா, இல்ல வாரக் கடைசியில மட்டும் எடுக்குறீங்களா? ஜேபி (ஜோகூர் பாரு) பக்கம் எத்தனை தடவ போவீங்க?" ஒவ்வொரு நாளும் கடற்பாலத்தைத் தாண்டி வேலைக்கு வருபவர் அவர், எந்தப் பட்டியலிலும் இல்லாத முதல் அளவுகோலை அவர் வைத்திருந்தார். நான் வேலைக்கும் அதே காரில்தான் போகிறேன் என்றதும், "அப்ப செராமிக் வேணாம்ணே, கால் போயிடும்" என்றார். அவர் சொன்னது சரி என்பதைக் கணக்கும் உறுதிசெய்தது.

ஆகவே, தெருவில் தினமும் ஓடும் காருக்கு நான் போகும் வரிசை இது. ஏறத்தாழ 500 நியூட்டன் மீட்டர் வரை, முழு வட்ட ஆர்கானிக் தட்டையும் அழுத்தம் கூட்டிய பிரஷர் பிளேட்டையும் சேர்த்து வாங்குவதே போதும். எக்ஸெடி, ஏசிடி, சாக்ஸ் போன்ற தயாரிப்பாளர்களிடம் பல கார்களுக்கு இத்தகைய தொகுப்புகள் உண்டு. பெடல் சற்றுக் கனமாகும்; அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. பெடலை மிதிக்கும்போதெல்லாம் அந்த விசை எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டை அச்சுவழியாகத் தள்ளுகிறது. அதைத் தாங்குவது மெல்லிய திரஸ்ட் பேரிங் மட்டுமே. அழுத்தம் கூட்டிய கிளட்ச் வைத்திருப்பவர்கள் போக்குவரத்து விளக்கில் பெடலை மிதித்துக்கொண்டே நிற்காமல், நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்துவிடுவது நல்லது.

அந்த 500 நியூட்டன் மீட்டர் எல்லையைத் தாண்டும்போது பெரும்பாலோர் ஒற்றைச் செராமிக் தட்டுக்குத் தாவுகிறார்கள், விலை குறைவு என்பதால். என் பரிந்துரை இரட்டைத் தட்டு. உராயும் பரப்பு இரண்டிலிருந்து நான்காவதால், மென்மையான பொருளையும் மிதமான அழுத்தத்தையும் வைத்துக்கொண்டே தாங்குதிறனை இரட்டிப்பாக்கலாம். மேலே போட்ட கணக்கில் 480 என்றது 960 ஆகும். வெப்பமும் கூடுதல் உலோகத்தில் பரவுகிறது. குறைகளும் இல்லாமல் இல்லை: விலை அதிகம், நடுத்தகடு நியூட்ரலில் சலசலக்கும், சில வகைகளில் தட்டு முழுதும் விடுபடாமல் முதல் கியர் கடினமாக விழும். இருந்தாலும் ஓகுரா, ஓஎஸ் கிக்கென், எக்ஸெடி போன்ற ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் இதில் நெடுங்காலமாகத் தேர்ந்தவர்கள். வாகன உரிமைச் சான்றிதழைப் (சிஓஇ) புதுப்பித்து இன்னும் ஐந்து, பத்து ஆண்டுகள் ஓட்டப்போகும் காருக்கு அந்தக் கூடுதல் விலை வீணாகாது. செராமிக்தான் வேண்டும் என்பவர்கள், காரை வார இறுதியில் மட்டும் எடுப்பவர்களாக இருந்தால் தாராளமாக வைக்கலாம்; அப்போதும் மையத்தில் சுருள்வில் உள்ள தட்டையே கேளுங்கள். வில் இல்லாத கட்டையான மையம் எஞ்சினின் ஒவ்வொரு துடிப்பையும் கியர்பெட்டிக்கு நேராக அனுப்பும். இரட்டை நிறை ஃபிளைவீலை எடுத்துவிட்டு ஒற்றை நிறை ஃபிளைவீல் வைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அந்தத் துடிப்புகளை அதுவரை விழுங்கிக்கொண்டிருந்தது பழைய ஃபிளைவீல்.

பொருத்தும் வேலையில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கியர்பெட்டியை இறக்கும் கூலியே பெரிய செலவு என்பதால் ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க எண்ணெய் சீல் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சீல் கசிந்து ஒரு சொட்டு எண்ணெய் தட்டில் பட்டாலும் எவ்வளவு விலை கொடுத்த தட்டும் வழுக்கும். ஃபிளைவீலின் மேற்பரப்பைக் கடைந்து சமப்படுத்தாமல் புதுத் தட்டை வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் கிளட்ச் திரவத்தில் எளிதில் சேரும், ஆகவே அதையும் அதே நாளில் மாற்றுவது நல்லது. இரவு முழுதும் நின்ற காரில் காலையின் முதல் சில தொடக்கங்கள் சற்று அதிர்ந்தால் அதற்கும் பெரும்பாலும் காற்றின் இந்த ஈரமே காரணம். சூடானதும் அதிர்வு நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டாம். எஞ்சின் வலுவைக் கூட்டும் மாற்றங்களைப் பொறுத்தவரை, நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதி தேவையில்லாதவை, அனுமதி தேவைப்படுபவை, தடை செய்யப்பட்டவை என்று பிரித்து வைத்திருக்கிறது. கிளட்சைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

புதுத் தட்டு பழக, தயாரிப்பாளர்கள் பொதுவாக 500 முதல் 1000 கிலோமீட்டர் வரை சொல்கிறார்கள். இங்கே கணக்கில் வருவது தூரத்தைவிடக் கிளட்ச் பிடித்து விடும் எண்ணிக்கை. மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஆறாம் கியரில் பத்துமலை வரை போய்த் திரும்பினால் தூரம் ஏறும், தட்டு பழகாது. நம் நகரச் சாலைகளில் விளக்குக்கு விளக்கு நின்று, குறைந்த சுற்றில், மென்மையாகக் கிளம்புவதே அதற்கு ஏற்றது. அந்தக் காலத்தில் டர்போ அழுத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லி எஞ்சினை அமைத்துத் தரும் டியூனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பழகிய பிறகு, டைனோவிலோ தடத்திலோ மேல்கியரில் தாழ்ந்த சுற்றிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்திப் பாருங்கள். காரின் வேகம் ஏறாமல், எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் மட்டும் தாவினால் தட்டு வழுக்குகிறது. உடனே காலை எடுத்துவிட்டு, காரை ஆறவைத்து, பெடலில் சற்று வெற்றசைவு (மிதித்ததும் எதிர்ப்பில்லாமல் நகரும் சிறு இடைவெளி) இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வெற்றசைவே இல்லாமல் இறுக்கி வைத்த பெடல் பிரஷர் பிளேட்டை எப்போதும் சற்றே தளர்த்திப் பிடித்திருக்கும். அப்படியிருந்தால் தட்டை மாற்றாமலே ஒரு சரிசெய்தலில் குறை தீர்ந்துவிடும்.